முதலில் ஏற்றிய உப்பு

அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டவில்லை. அழுத்தித் தேய்த்தால் கொஞ்ச நேரம் ஒட்டியிருக்கும். அடுத்த பெட்டிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், ஓரத்திலிருந்து மெல்ல எழுந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அட்டையே ஈரம் குடித்துத் தொளதொளத்துக் கிடந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், ஒரு மாடிப் போர்ஷனில், ஆவணிப் புழுக்கத்தில் மூட்டை கட்ட உட்கார்ந்தால் இப்படித்தான். கட்டக் கட்ட அவிழும். துடைக்கத் துடைக்க வியர்க்கும். நாம் மட்டுமில்லை, சுவர் வியர்க்கும், தட்டு வியர்க்கும். கல்யாணப் படத்தில் நாங்கள் இரண்டு பேரும் வியர்த்துப்போய்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தோம். பிரித்தெடுக்கப் பார்த்தேன், என் மூக்கு கண்ணாடியோடு வந்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

எதை இழுத்தாலும் ஈரம் எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. பெல்ட்டில் பச்சை ரோமம். தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிர்ந்தது. சர்க்கரை கல்லாகியிருந்தது, அப்பளம் துணியாகியிருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த என் பழைய எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகியிருந்தது. எத்தனையோ பக்கம் எழுதியதாக நினைத்திருந்தேன். கடற்காற்று அதை ஒரு பக்கமாக்கிக் கையில் கொடுத்தது. அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது.

என் மனைவி அறைக்குள் வரவில்லை. வரக் கூடாது. தூசியும் பூசணமும் கிளம்பினால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். வாசற்படிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நனைத்த துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மடியில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே உத்தரவு போட்டாள். துண்டுக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. டம்ளரைச் சுற்ற நான் எடுத்த புடவை எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்பது வரைக்கும்.

நாங்கள் வீடு மாறியதே அந்த மூச்சுக்காகத்தான். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முகத்தில் முகமூடி மாட்டி, புகை போல மருந்தை ஏற்றி, அவள் தோள்பட்டை அடங்கிக் கீழே இறங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. டாக்டர் சுவரைப் பற்றித்தான் கேட்டார். சுவரில் பூசணம் உண்டா, கட்டில் சுவரை ஒட்டியிருக்கிறதா, ஜன்னல் எந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்படியானால் அடுத்த மழைக்கு அந்த வீட்டில் இருக்காதீர்கள் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடு மாறுவதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். எனக்கு எந்த வீட்டிலும் கால் தரிக்காது. ஒரு சுவரில் ஆணி அடித்து முடிக்கும்போதே அடுத்த வீட்டுச் சுவரை நினைக்க ஆரம்பித்துவிடுகிற ஆள் நான். கல்யாணமான நாளிலிருந்து என் பின்னாலேயே மூட்டை கட்டியவள், இந்த ஒரு வீட்டுக்கு வந்ததும்தான் வேரூன்றிவிட்டாள். கிழக்கு ஜன்னலில் கடல் தெரியாது, ஆனால் கேட்கும். அந்தச் சத்தம் போதும் என்றாள். எந்த வீடு அவள் மூச்சைப் பிடித்து அழுத்தியதோ, அந்த வீட்டைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

முன்பும் ஒருமுறை இதே காரணத்துக்காகத் திருப்போரூர் போனோம். நல்ல வீடு. காய்ந்த சுவர், அகலமான வாசல். அங்கே இருந்தவரை அவளுக்கு ஒருநாள்கூட இளைக்கவில்லை. ஆனால் சாமான் இறக்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துவிடும் என்ற பயத்தில் டிவியைத் தூக்கிக்கொண்டு முதலில் உள்ளே ஓடியவன் நான்தான். உப்பு எங்கேயோ பின்னால் வந்தது. புது வீட்டுக்குள் எதற்கும் முன்னால் உப்பு போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். உப்பு போய் இடம் பிடித்த பிறகுதான் பால் காய்ச்சுவது, விளக்கேற்றுவது எல்லாம். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இந்த வீடு நம்மைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது என்றாள். பஸ் ஏறிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவாள். மழைக்காலம் முடிவதற்குள் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டோம். இளைப்பும் திரும்பி வந்தது.

ஆகவே இந்த முறை செங்கல்பட்டில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்து முடித்ததும் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"வரேன். ஆனா இந்த தபா உப்பு முதல்ல போணும். அது முன்ன போனாதான் நான் அங்க தங்குவேன். இல்லன்னா திரும்பி வந்துடுவேன், சொல்லிட்டேன்."

மிரட்டல் இல்லை அது. அவள் தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்ததைச் சொன்னாள். எனக்கு உப்பில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. அவள் திரும்பி வந்துவிட்டால் அடுத்த ஐப்பசி என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

அவள் தம்பி கருங்குழியில் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். அவனுக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்: எது மறந்தாலும் உப்பு ஜாடி முதலில், ஞாபகம் வை. அவனும் சரிக்கா சரிக்கா என்றான். மறுநாள் விடிந்ததும் வண்டியோடு வந்து நின்றான். வாடகைக்குச் சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற வண்டிக்காரன் இல்லையே அவன். அக்கா வீட்டுச் சாமான். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, இடம் பார்த்து, கோணி மடித்துக் கொடுத்து, கயிறு இழுத்துக் கட்டினான். தூசி பறக்கும் என்று அவளைக் கீழ் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு நானும் அவனும்தான் ஏற்றினோம். நான் மாடியிலிருந்து இறக்கித் தருவேன், அவன் வண்டியில் அடுக்குவான். எது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக இறங்கியது காத்தாடி. ஸ்டாண்டில் நிற்கிற மின்விசிறி, பழசு. கிழக்கு ஜன்னலுக்கு நேரே நின்று, கடற்காற்றை வாங்கி அவள் படுக்கைமேல் திருப்பிவிடுவதுதான் இத்தனை வருஷமாக அதன் உத்தியோகம். கம்பிக் கூண்டு துருப்பிடித்து, துருவின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்து, திரும்பும்போதெல்லாம் முனகும். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று நான் எப்போதோ சொன்னேன். அதைப் போடுவதானால் என்னையும் சேர்த்துப் போடு என்று பதில் வந்தது. கிளம்புகிற நிமிஷம்வரை அது தேவைப்பட்டதால் வண்டியின் பின் ஓரத்தில், எல்லாவற்றுக்கும் வெளியே, ஒரு கயிற்றில் கட்டினோம்.

காலியான வீட்டில் காகிதத் துண்டும் கயிறும் மணலும் கிடந்தன. பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று துடைப்பத்தை எடுத்தேன். கீழ் வீட்டிலிருந்து மேலே வந்த வீட்டுக்கார அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"தொடப்பத்த வுடு சாரு. கெளம்பற நேரத்துல பெருக்கினா, போற காலு எப்டி போய் சேரும்? அங்க போய் ஒரு போன் போடு. அப்பால நான் பெருக்கிக்கிறேன்."

அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். அப்பா அம்மா காலத்தில் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் அடுத்தவர் கழனியில் நின்ற குடும்பம். அவள் விடுதிகளில் துணி துவைத்து, மகன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிக்கு ஷிப்ட் போய், கட்டிய வீடு இது. உங்களுக்கும் இந்தச் சாஸ்திரமெல்லாம் உண்டா என்று கேட்டேன். இது சாமி சமாச்சாரம் இல்லை சாரு, வூட்டு சமாச்சாரம் என்றாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருப்போரூர் போனபோதும் அவள் இப்படித்தான் போனுக்குக் காத்திருந்தாள். போய்ச் சேர்ந்ததும் என் மனைவி அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரு அக்கா, இப்போ பெருக்காத என்று சொல்லிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒருநாள் பார்த்திருப்பார்கள், இரண்டு நாள் பார்த்திருப்பார்கள். இவள் அந்த மழைக்காலம் முழுக்கப் பெருக்கவில்லை. வீடு கேட்டு வந்தவர்களிடம் ஆளு இன்னும் போய்ச் சேரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நாங்கள் திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது, நாங்கள் போட்டுவிட்டுப் போன காகிதத் துண்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. கயிறு, மணல், கிழித்த காலண்டர் தாள், எல்லாம் அப்படியே. ஒரு வீட்டைச் சுத்தமாக வைத்துக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குப்பையோடு வைத்துக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். முதல் நாள் ஆச்சே என்றுதான் மீன் குழம்பு வைக்கவில்லை, அடுத்த வாரம் மகனிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். உப்பு மறக்கவில்லையே என்று என் மனைவி தம்பியைக் கேட்டாள். அத்த மறப்பனா என்றான். மூன்று பேரும் முன்சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் வாசனை மாறியது. மீனும் ஈரமும் போய், உழுத மண்ணும் வைக்கோலும் வந்தன. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மடியில் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு வந்தாள். நான் அவள் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூச்சு திணறினால் முதலில் அங்கேதான் தெரியும்.

செங்கல்பட்டுத் தெரு குறுகலானது. வண்டி நின்றால் வேறெதுவும் நகராது. நாங்கள் நின்றபோது பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. ராகு காலம் வருவதற்குள் உள்ளே போக வேண்டும். ஏரிப் பக்கம் வானம் கறுத்து, பெரிய பெரிய துளியாக ஒன்றிரண்டு விழ ஆரம்பித்தது. அவள் இறங்கி வாசலில் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டினாள்.

"எங்கடா, உப்பு ஜாடிய குடு."

தம்பி முகத்தில் பெருமை பொங்கியது. "நீ சொன்ன மாரியே முதல்ல அத்ததான்க்கா ஏத்தினேன். கேபின ஒட்டி, பீரோவுக்குப் பின்னால, ஆடாம அசையாம வெச்சிகீறேன்."

அவன் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. முதலில் ஏற்றியது கடைசியில்தான் இறங்கும். பீரோ, கட்டில், மெத்தை, பெட்டிகள், மூட்டைகள், எல்லாம் இறங்கினால்தான் உப்பு. எல்லாம் இறங்கினால் தெருவில்தான் நிற்க வேண்டும், மழையில். அவன் நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"முதல்லன்னு சொன்னியேக்கா."

"வூட்டுக்குள்ள முதல்லடா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திருப்போரூரிலும் அவள் கோபப்படவில்லை.

எதிர் வீட்டுப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு கொண்டுவந்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு, நான் கையால் கொடுக்கவில்லை, கீழே வைத்துவிட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். முன்பின் தெரியாதவள், வந்து இறங்கிய நிமிஷத்தில். என் மனைவி அவளைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆனால் கிண்ணத்தை எடுக்கவில்லை.

"நீங்க நல்லாயிருக்கணும். ஆனா இது உங்க வூட்டு உப்பு."

எதிர் வீட்டுப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் சரிதான் என்று, கிண்ணத்தின்மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். தூறல் கொஞ்சம் கூடியது. மனைவியின் தோள்பட்டை ஏற ஆரம்பித்திருந்தது. இன்ஹேலர் எங்கே என்று என் கை தானாக அவள் பையைத் தேடியது. இந்த வீடும் திரும்பிப் படுத்துக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன்.

எதையாவது செய்ய வேண்டுமே என்று தம்பி பின்பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்ததும் ஓரத்தில் இருந்த காத்தாடி சரிந்தது. விழுவதற்குள் என் மனைவி ஓடிப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் கூண்டு அவள் முகத்தோடு மோதியது. குழந்தையைத் தூக்கினாற்போல அதை மார்போடு அணைத்தபடி நின்றாள். பிறகு நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூண்டுக் கம்பியில், அந்த வெள்ளை பூத்த இடத்தில், ஒரு விரலைத் தேய்த்து வாயில் வைத்தாள்.

"யக்கா, இன்னா பண்ற? காத்தாடிய நக்கினு கீற."

"கரிக்குதுடா," என்றாள். மூக்கில் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்ததால் அவள் சிரிப்பது முழுசாகத் தெரிந்தது. "வா, நீயும் வந்து பாரு."

அவன் நக்கினான். நானும் நக்கினேன். துரு, தூசி, அதற்கெல்லாம் அடியில் கடல். இத்தனை வருஷம் எங்கள் ஜன்னல் வழியாக வந்து, பூட்டைத் தின்று, கீலைத் தின்று, படத்தைத் தின்று, என் பக்கங்களை ஒட்டிவைத்து, அவளைத் தூங்கவிடாமல் செய்த அதே காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்துவைத்த உப்பு. ஜாடியில் இருந்தது கடையில் வாங்கியது. இது வீட்டிலேயே விளைந்தது.

"இதுதான்டா எங்க வூட்டு உப்பு," என்று சொல்லிவிட்டு, யாரையும் தொடவிடாமல், காத்தாடியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். ஒயர் பின்னால் இழுபட்டு வந்தது. வலது காலு, வலது காலு என்று எதிர் வீட்டுப் பெண் குரல் கொடுத்தாள். வலது கால்தான் முதலில் போயிற்று, ஆனால் அதற்கும் முன்னால் காத்தாடியின் கூண்டு போயிற்று. நான் வாசலில் நின்று, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், ஆட்டோக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

மழை பெரிதாக வரவில்லை. பால் பொங்கியது. தம்பி கடைசியில் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தபோது, குனிந்த தலையோடுதான் வைத்தான். மூடியைத் திறந்தால், பாதி உப்பு நீராகிக் கிடந்தது. அக்காவும் தம்பியும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்து, நான் பயந்து, அது வெறும் சிரிப்பு இருமல்தான் என்று தெரிந்து உட்கார்ந்தேன். மச்சான், நீ மட்டும் ஒழுங்காக ஏற்றியிருந்தால் இந்தக் கரைந்த உப்புதான் முதலில் போயிருக்கும் என்றேன். அதற்குள் அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. அதான் மாமா யோசிச்சி ஏத்தினேன் என்றான்.

அதற்குப் பிறகு ஒரு ஐப்பசி வந்து போய்விட்டது. ஏரி நிரம்பியது, தெருவில் தண்ணீர் நின்றது, ஆஸ்பத்திரிப் பக்கம் நாங்கள் போகவில்லை. இங்கேயும் புழுக்கம் உண்டு, துணி காயாத நாள் உண்டு. ஆனால் சுவர் காய்ந்திருக்கிறது. மத்தியானம் அவள் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது எழுதுகிறேன். அவள் மூச்சு வருவதும் போவதும் கேட்காத அளவுக்கு இருக்கிறது. கேட்காத ஒரு சத்தத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது. என் கால்கூடக் கொஞ்ச நாளாகச் சும்மா இருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிறாள், காத்தாடிக் கூண்டை மட்டும் தொடுவதில்லை. அது இங்கேயும் முனகிக்கொண்டு திரும்புகிறது.

ஆனால் அந்த முதல் நாளில் எனக்கு மறக்காதது ஜாடியோ காத்தாடியோ இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவள் போன் அடித்தது. இருந்த அமர்க்களத்தில் வீட்டுக்கார அக்காவைக் கூப்பிட மறந்தே போயிருந்தோம். கை எச்சில் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, போய் சேந்தியா இல்லியா? காலைலந்து தொடப்பத்த கைல வெச்சிகினு குந்தினு கீறேன். எம்புள்ள ஷிப்ட் முடிஞ்சி வந்து, இன்னாம்மா காவலுக்கு நிக்கிறியான்னு சிரிக்கிறான்."

என் மனைவி பதில் சொல்லவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. அந்த மௌனம் எனக்குத் தெரியும். திருப்போரூரிலும் இதே மௌனத்துக்குப் பிறகுதான் இரு அக்கா, பெருக்காத என்றாள். தம்பியும் மெல்லுவதை நிறுத்தினான். அவள் சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். இங்கே கடல் கேட்காது. எங்கேயோ ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கூடத்தின் நடுவே காத்தாடி திரும்பி எங்கள் பக்கம் வந்து, அவள் நெற்றி முடியைக் கலைத்துவிட்டு, அந்தப் பக்கம் போயிற்று.

"சேந்துட்டோம்க்கா," என்றாள். "பெருக்கிடு."

அந்தப் பக்கத்திலிருந்து, சரிம்மா, நல்லா இரு என்று மட்டும் கேட்டது. போனை அணைக்காமலே எங்கேயோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. தென்னந்துடைப்பம் சிமெண்டுத் தரையில் மணலைக் கூட்டித் தள்ளுகிற சத்தம், ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு என்று வந்துகொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டபடியே சாப்பிட்டு முடித்தோம்.